கால் எடுத்தவுடன் நிற்கும் கார்

1

க்றுக்… க்றுக்… க்றுக்…

நேற்றுக் காலை, கீழே வாகனங்கள் நிற்கும் முற்றத்தில் யாரோ ஒரு பழைய காரை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறைகுளிர். பற்றரிக்கு அரை உயிர். ஸ்டார்ட்டர் மூச்சிழுத்து மூச்சிழுத்துச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. எரியாத பெற்றோலின் மணம் நாலாம் மாடி யன்னல் இடுக்கால் ஏறி வந்தது. கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கைகள் குழாயடியில் அப்படியே நின்றுவிட்டன. தண்ணீர் தன்பாட்டில் ஓடியது.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. நோர்வேயில் காலை ஆறரை, இலங்கையில், முந்தலில் பதினொரு மணி. அந்த நேரத்தில் என் அக்கா அத்தானைப் பின் ஆசனத்தில் கால் நீட்டி இருத்தி, படலையைச் சாத்திவிட்டு, அறுபது வயதை எட்டும் ஒரு காரைச் சிலாபத்துக்கு எடுப்பாள். அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தவணை தப்பினால் கால் வீங்கும். இரண்டு தப்பினால் மூச்சு முட்டும். மூன்றாவதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

வீட்டிலிருந்து முந்நூறு யார் தூரம் போனால் புகையிரதக் கடவை. கேற் இல்லை, மணி இல்லை, காவலாளி இல்லை. துருப்பிடித்த எச்சரிக்கைப் பலகை ஒன்று ஆடுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கார் அதைத் தாண்டியதும் அத்தான் பின் ஆசனத்தில் இருந்தபடி எனக்கு ஒரு மிஸ் கோல் தருவார். ஒரு ரிங், கட். தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அதன்பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

ஆறு முப்பத்தைந்துக்கு வரவேண்டிய ரிங். ஆறே முக்காலாகியும் வரவில்லை. கீழே அந்தக் கார் விடாமல் இருமியது.

2

அந்தக் கரை எங்களுக்குப் பிறந்த கரை அல்ல. சண்டை துரத்த, வடக்கிலிருந்து இரண்டு சாக்குமூட்டையோடு வந்து புத்தளத்தில் இறங்கியவர்கள் நாங்கள். அத்தானுக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடல்நீர் தேங்கிய களப்பு ஓரமாக நடந்து நடந்து களைத்து, ஒருநாள் இந்தப் பனிக்குள் வந்து விழுந்தேன். இங்கே பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறேன்.

சண்டை முடிந்த பிறகுதான் அத்தான் கார் வாங்கினார். சிலாபத்தில் ஒரு தென்னந்தோட்டக்காரரின் கொட்டிலுக்குள் தேங்காய் மட்டைகளுக்கு அடியில் புதைந்து கிடந்த சாம்பல் நிற இங்கிலீசுக் கார். உருண்ட முதுகு. ஶ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் தகடு. கதவைச் சாத்தினால் அலுமாரி சாத்திய சத்தம். அத்தானுக்குச் சிறுநீரக வருத்தம் வந்ததும் அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஓய்வூதியம் எடுக்கிற வயதில். ஓட்டோவில் போகலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஓட்டோவிலை இந்த மனுசன் காலை எங்கை நீட்டுறது? உன்ரை மடியிலையோ?" என்றாள்.

கார் முதல்முறை நின்ற நாளில் நான் டிப்போவில் ஒரு பஸ்ஸின் வயிற்றுக்கடியில் நின்றேன். கையுறையைக் கழற்றாமலே போனைக் காதில் வைத்தேன்.

"நிண்டிட்டுது, தம்பி."

"எங்கை?"

"கடவைக்குக் கிட்ட. இறால் பண்ணைப் பெடியள் தள்ளிவிட்டவங்கள். பிறகு தானாய் ஸ்டார்ட் வந்திட்டுது. ஒண்டும் யோசியாதை."

அடுத்த கிழமை திரும்ப. அதற்கடுத்த கிழமை இரண்டுதரம். ஒருமுறை உடனே ஸ்டார்ட் வருமாம், இன்னொருமுறை கால்மணி நேரம் அடம் பிடிக்குமாம். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது ஒரு குறையும் இல்லையாம். எப்போதும் கடவையை அண்டித்தான் நிற்கிறதாம். அத்தான் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ரயிலிலை காதல் போலை கிடக்கு, மச்சான்."

நான் சிரித்தேன். போனை வைத்தபிறகு கையுறைக்குள் விரல்கள் நனைந்திருந்தன.

3

சண்டைத் தடையில் வடக்குக்குப் பெற்றோல் வராத வருடங்களைத் தின்று வளர்ந்தவர்களுக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, அந்தக் குழாயால் காபரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாய்க் கொடுத்து எஞ்சினை எழுப்பி, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர்கள் நாங்கள். வெள்ளைப்புகை கக்கிக்கொண்டு போகும். நாலு மைலுக்கு ஒருதரம் நிற்கும். இறங்கி, குழாயை வாயால் ஊதி, மண்ணெண்ணெயைத் துப்பிவிட்டு மறுபடி ஏறுவோம். எந்த வண்டி எங்கே நின்றாலும் எங்கள் நாக்கில் முதலில் வருகிற சொல் எண்ணெய்தான்.

ஆகவே நான் அக்காவிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

இங்கே எங்கள் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஊலாவ் என்று ஒரு கிழவர். அவருடைய மாட்டுக்கொட்டிலில் மாடு இல்லை. அதே சாதி இங்கிலீசுக் கார்கள் மூன்றும், சுவர் முழுக்க உதிரிப்பாகங்களும். ஒவ்வொன்றும் பால்மா டின்னுக்குள், ஒவ்வொரு டின்னிலும் கையெழுத்து. இணையத்தில் அவரைத் தேடிப் பிடித்தவள் என் மகள் அனிதா. அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். என் நோர்வேஜிய மொழி பஸ் கழுவப் போதும், கார் திருத்தப் போதாது என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கிழவர் உடனே டின்னைத் திறக்கவில்லை. என்னைக் கதிரையில் இருத்தி ஒரு கேள்வி கேட்டார். அனிதா தமிழில் சொன்னாள்: "கார் எப்பிடிச் சாகுது எண்டு கேக்கிறார். பசிச்ச ஆள் மாதிரித் தள்ளாடித் தள்ளாடியோ, இல்லாட்டி லைட்டை அணைச்ச மாதிரியோ?"

"பசி," என்றேன், யோசிக்காமலே.

"பெரியம்மாட்டைக் கேட்டனீங்களோ அப்பா?"

"கேக்கத் தேவையில்லை. சொல்லு."

அவள் என்னை ஒருகணம் பார்த்துவிட்டுச் சொன்னாள். பசி என்றால் எரிபொருள். கிழவர் காபரேட்டருக்கான வாஷர்கள், ஊசி, பெற்றோல் பம்புக்கு ஒரு புதுத் தோல், எல்லாவற்றையும் கடதாசியில் சுற்றித் தந்தார். காசு வாங்க மறுத்தார். அங்கேதான் அடுத்த வில்லங்கம். பொதியை அனுப்பும்போது விலை எழுத வேண்டும். சும்மா கிடைத்தது என்றேன். சும்மா என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கொழும்பில் பொதி மறிபட்டது. பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார்கள். கிழவரிடம் போய், எனக்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தாருங்கள், ஆனால் நான் காசு தரமாட்டேன் என்று அரைகுறை மொழியில் கேட்டபோது, அவர் அனிதாவைப் பார்த்தார். அனிதா நிலத்தைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளிப் போய் இருந்தாள். அந்த இரண்டு இருக்கை பிறகு ஒரு நகரத் தூரமாயிற்று. இப்போது அவள் வேறிடத்தில், சத்தமே போடாத மின்சாரக் காரோடு வாழ்கிறாள்.

பொதி வெளியே வர மூன்று மாதம். சிலாபத்தில் ஒருவரைப் பிடித்து எல்லாம் மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்துக் கார் கடவையில் நின்றது.

இந்தமுறை அத்தான் பகிடி விடவில்லை. அக்காதான் கதைத்தாள். "முன்சில்லு தண்டவாளத்துக்கு மேலை, தம்பி," என்றாள்.

நான் விமானச் சீட்டு எடுத்தேன்.

4

கேற் இல்லாத கடவையில் வண்டி போகிற முறை ஒன்று உண்டு. கடவைக்கு முன்னால் வண்டி மெதுவாகும். ஒருவர் இறங்கி முன்னே நடப்பார். பஸ் என்றால் கொண்டக்டர், கார் என்றால் பக்கத்தில் இருப்பவர். தண்டவாளத்தின் நடுவில் நின்று சிலாபப் பக்கம் பார்ப்பார், புத்தளப் பக்கம் பார்ப்பார், பிறகு கையை வீசி 'வா' என்பார். எங்கள் காரில் அது அத்தானின் வேலை. கால் வீங்கத் தொடங்கியபிறகு இறங்க ஆளில்லை. அக்கா கண்ணாடியை இறக்கி, காதால் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் போன முதல் வெள்ளிக்கிழமை, நான் இறங்கினேன்.

வெயில் தண்டவாளத்தில் வெள்ளையாய் உருகிக் கிடந்தது. சிலாபப் பக்கம் ஒன்றுமில்லை. புத்தளப் பக்கம் வளைவு, வளைவில் முள் உடைமரங்கள், அவற்றுக்கு அப்பால் கண் போகாது. காதைக் கொடுத்தேன். களப்புக் காற்று மட்டும். கையை வீசினேன்.

கார் மெதுவாக ஏறியது. முன்சில்லு முதல் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கியது. அக்கா மேட்டுக்காகக் காலைத் தளர்த்தினாள். அந்த நொடியில் எஞ்சின் செத்தது. இருமவில்லை, தள்ளாடவில்லை. ஒரு சொல்லைப் பாதியில் விட்டதுபோல.

அந்த அமைதிக்குள், உடைமரங்களுக்கு அப்பால், ரயில் கூவியது.

என்ன செய்தேன் என்று கேட்டால் வெட்கம். முதலில் நான் ரயிலைப் பார்த்துக் கையை வீசினேன், கண்ணுக்கே தெரியாத ரயிலைப் பார்த்து. பிறகு ஓடிப்போய்ப் பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மேடு. இரும்புக் கார். மணலுக்குள் என் செருப்புப் புதைந்தது. கண்ணாடிக்கு உள்ளே அத்தானின் பிடரி, நரைமயிர், அவர் கழுத்தில் துடித்த நரம்பு. இவ்வளவு கிட்டத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"அத்தானை இறக்கு!" என்று கத்தினேன்.

"விசரன்! இவரை இறக்கிற நேரத்திலை ரயில் மூண்டு தரம் போயிடும்!" அக்காவின் குரல்.

அத்தான் உள்ளே இருந்து அக்காவிடம், வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுக்கிற நிதானத்தில் சொன்னார்: "றெஜினா. முதலாம் கியரிலை போடு. கிளச்சை விடு. சாவியைத் திருப்பிப் பிடி. விடாதை."

க்றுக். கார் ஒரு சாண் நகர்ந்தது. க்றுக். இன்னொரு சாண். எஞ்சின் செத்திருக்க, ஸ்டார்ட்டர் மோட்டர் மட்டும் பற்றரியின் கடைசிச் சொட்டைக் குடித்துக்கொண்டு அந்த இரும்பை இழுத்தது. க்றுக். க்றுக். பின்சில்லு தண்டவாளத்தில் ஏறியது. நின்றது. நான் தள்ளினேன். க்றுக். இறங்கியது. இன்னும் இரண்டு முழம். இன்னும் ஒன்று.

ரயில் கடந்துபோனபோது அதன் காற்று என் சேர்ட்டை முதுகோடு ஒட்டவைத்தது. கதவில் தொங்கிய ஒருவன் எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏசிக்கொண்டே போனான். அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தாள். சாவியைத் திருப்பிய கை இன்னும் திருப்பியபடியே இருந்தது. பற்றரியில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஓட்டோ ஒண்டைப் பிடி, தம்பி," என்றாள் நிமிராமலே. "பன்னிரண்டரைக்கு இவருக்கு ஊசி."

அன்று அத்தான் என் மடியில்தான் கால் நீட்டினார்.

5

ஊரெல்லாம் அண்ணன் முறையில் அழைக்கும் ஹனீபா நானாவின் கராஜ் முந்தலில், இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கட்டிய தகரக் கூரை. மறுநாள் ஒரு டிராக்டரால் காரை இழுத்துக்கொண்டு போனோம். மெலிந்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டி, காதில் பென்சில். பொனட்டைத் திறக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"டீச்சர், நிக்கக்கொள்ள எப்பிடி நிண்டிச்சி? இருமி இருமியா, டக்கெண்டா?"

"டக்கெண்டு."

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க அப்ப?"

அக்கா யோசித்தாள். அவளுடைய வலது பாதம் செருப்புக்குள் தானாக ஒருதரம் அழுந்தி எழுந்தது. "காலை எடுத்தனான். மேடு எண்டு அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுத்தனான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஓம். எப்பவும் காலை எடுக்கேக்கைதான்!"

மாதக்கணக்காக ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"காபரேட்டர் புதுசு," என்றேன். "நோர்வேயிலை இருந்து சாமான் அனுப்பி…"

"அல்லாட காவல்," என்றார் நானா. "வடக்கு ஆக்கள்ட செவுத்து மணிக்கூடு நிண்டாலும் மண்ணெண்ணெய்தான் தேடுவீங்க. வாங்க லண்டன் தொர, இங்கால வந்து பாருங்க."

"நோர்வே."

"எல்லாம் குளிர்தானே."

எஞ்சினுக்கு நெருப்புப்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். பற்றரியிலிருந்து ஒரு சின்னப் பல்பை இடையில் தொடுத்தார். பல்பு எரிந்தது. எஞ்சினிலிருந்து வருகிற மெல்லிய காற்றுக்குழாயைக் கழற்றி, நுனியைச் சாரத்தில் துடைத்து, வாயில் வைத்து, இளநீர் குடிப்பதுபோல் உறிஞ்சினார். உள்ளே ஒரு தட்டு மெல்லத் திரும்பியது. வாயை எடுத்தார், தட்டு திரும்பி வந்தது. பல்பு அணைந்தது. மறுபடி உறிஞ்சினார். எரிந்தது. எடுத்தார். மினுங்கி அணைந்தது.

"வெளங்குதா? கால எடுத்தா இந்தத் தட்டு அசையும். அசைஞ்சா இந்த வயர் விட்டுப் போகும். நெருப்பு வராது. அவ்வளவுதான். டீச்சர் கடவைக்கிட்டத்தானே கால எடுக்கிற? அதான் அங்க நிக்கிது."

குறடால் அதை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் சின்னவிரல் நீளம்கூட இல்லை. துணி சுற்றிய ஒரு வயர். வெளியே பார்த்தால் முழுசு. நகத்தால் துணியைப் பிரித்தபோது உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள். உப்புக்காற்று துணிக்குள் புகுந்து நூல் நூலாகத் தின்றிருந்தது.

புது வயர் சிலாபத்தில் இல்லை. புத்தளத்தில் கேட்டார், இல்லை. சாதாரண வயர் போட்டால் அசைந்து அசைந்து ஒரு மாதத்தில் அறும் என்றார். கடைசியில் ஒரு பழைய டைனமோவைப் பிரித்து, அதன் கரித்துண்டில் வால்போல் தொங்கிய மெத்தென்ற பின்னல் செம்பை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டினார். எஞ்சினை ஓடவிட்டு அக்காவை ஏற்றி, காலை வை, எடு, வை, எடு என்று ஐம்பதுதரம் செய்வித்தார். நிற்கவில்லை. அக்கா அழத் தொடங்கினாள், காலை வைத்து எடுத்துக்கொண்டே.

"இது எவ்வளவு காலம் தாங்கும், நானா?" என்று கேட்டேன்.

"நானும் நீங்களும் எவ்வளவு காலம் தாங்குவோம்?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஆறு மாசத்துக்கொருக்கா கொண்டு வாங்க டீச்சர். தொறந்து பாக்கிறேன்."

அன்றிலிருந்து எனக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடியது. நிற்பதன் காரணம் தெரியாத காலத்தில் கார் முழுவதற்கும் பயந்தேன். காரணம் தெரிந்தபிறகு, உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு சின்ன வயருக்கும் பயப்படுகிறேன். டிப்போவில் பஸ்ஸின் கீழ்வயிற்றைக் கழுவும்போது, எங்கெங்கோ ஓடி மறைகிற வயர்க் கற்றைகளைப் பார்த்தால், உள்ளே எது பச்சையாகிக்கொண்டிருக்கிறதோ என்று தண்ணீர்க்குழாயைத் தாழ்த்திவிடுகிறேன்.

6

கடவைக்குக் கேற் போடும்படி அக்கா நாலு கடிதம் எழுதினாள், நல்ல தமிழில், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில். சிங்களத்தில் ஒரே ஒரு பதில் வந்தது. ஹனீபா நானா வாசித்துச் சொன்னார். கவனத்தில் எடுத்திருக்கிறார்களாம்.

நேற்று ஏழு மணியாகியும் ரிங் வரவில்லை. நானே கோல் எடுத்தேன். அங்கே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. கீழே யாரோ அயலவர் வயர் கொண்டுவந்து கொடுக்க, அந்தக் கார் ஒருவழியாகப் பிடித்து உறுமிக்கொண்டு போய்விட்டது. முற்றம் வெறுமையானதும் இன்னும் பயமாக இருந்தது. அனிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அவள் பாதி தமிழும் பாதி இந்த ஊர் மொழியுமாகக் கதைப்பாள்.

"அப்பா, எவ்வளவு நேரம் பிந்திட்டுது?"

"அரை மணித்தியாலம்."

"அரை மணித்தியாலம் எண்டால் ஒண்டுமில்லை."

"கடவையிலை அரை நிமிசம் காணும், பிள்ளை."

அவள் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. ஏதோ ஒரு நகரத்தில், சத்தம் போடாத காருக்குள், வேலைக்குப் பிந்திக்கொண்டு, என்னோடு சேர்ந்து ஒரு ரிங்குக்காக என் மகள் காத்திருந்தாள்.

ஏழு ஐம்பதுக்கு வந்தது. ஒரு ரிங்கில் கட் ஆகவில்லை. எடுத்தேன்.

"ஆஸ்பத்திரி வாசல்லை நிக்கிறம்," என்றாள் அக்கா. "நான் ஓடேக்கை எப்பிடியடா எடுக்கிறது? இவர் கடவை தாண்டேக்கையே நித்திரை. நான் எழுப்பேல்லை."

"கார்?"

"காருக்கு என்ன, அது நல்லாய் ஓடுது." பிறகு கார்க்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "இப்ப இவர் கனக்க நித்திரை, தம்பி."

அது எப்போது தொடங்கியது என்று கேட்டேன். இரண்டு மாதமாம். இரண்டு மாதமாக நான் காரைத்தான் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

வயர் மாற்றிய அந்தப் பயணத்தில் நான் திரும்பிப் புறப்பட்ட நாளும் ஒரு வெள்ளிக்கிழமை. விமான நிலையத்துக்கு வான் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன் அவர்கள் சிலாபத்துக்குப் போகவேண்டும். கடவைவரை நானும் காரில் போனேன். இறங்கி, தண்டவாளத்தில் நின்று, சிலாபப் பக்கம் பார்த்தேன். புத்தளப் பக்கம் பார்த்தேன். மறுபடி சிலாபப் பக்கம். மறுபடி புத்தளம். கையை வீச மனம் வரவில்லை. அக்கா ஹோர்ன் அடித்தாள். வீசினேன்.

கார் ஏறியது. மேட்டில் அவள் காலைத் தளர்த்தினாள். எஞ்சின் நிற்கவில்லை. தண்டவாளம் இரண்டையும் தாண்டி, பத்து யார் தூரம் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் எனக்காகக் காத்திருந்தாள். நான் ஓடிப்போய்ப் பின் யன்னலால் அத்தானின் கையைப் பிடித்தேன். ஊசி ஏற்றி ஏற்றித் தடித்த நரம்பு விரலுக்கடியில் அதிர்ந்தது. அவர் என் கையை இறுக்கி, விட்டார்.

முன் யன்னலுக்கு வந்தேன். நானாவிடம் ஆறு மாதத்துக்கொருக்கா போகவேண்டும் என்றேன். தாண்டியதும் மிஸ் கோல் தரவேண்டும் என்றேன். மழை நாளில் கண்ணாடியை இறக்கிக் காது கொடுக்கவேண்டும் என்றேன். பற்றரியை, ரயரை, பிறேக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டாள். கியரில் ஒரு கை, என் கன்னத்தில் ஒரு கை.

"பயப்பிடுறதெண்டால் செவ்வாயும் வெள்ளியும் பயப்பிடு, தம்பி," என்றாள். "மத்த அஞ்சு நாளும் எங்களோடை சும்மா கதை."